சொன்னதைக் கேட்கப் பழக ஜிம்னாஸ்டிக்ஸ்: மூன்று, நான்கு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும் முன்

சின்னவனுக்கு மூன்றரை வயது நடந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை ஒலித்த கேள்வி, “சொல்றது காதுல விழுதா இல்லையா?” செருப்பைப் போடச் சொன்னால் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் செருப்பையே பஸ்ஸாக்கி ஓட்டுவான். “ரெண்டு வெச்சாத்தான் கேப்பான்” என்பது என் மாமியாரின் யோசனை. “ஜிம்னாஸ்டிக்ஸ்ல போட்டுப் பாரு, என் பொண்ணு அங்க போனப்புறம்தான் ஒரு இடத்துல உட்கார ஆரம்பிச்சா” என்றார் மேல்மாடி அக்கா. மாமியார் யோசனையைவிட இது தேவலாம் என்று பட்டது. அந்த வாரமே ஒரு கோடை முகாமில் பணம் கட்டினேன்.

சேர்த்தது தப்பில்லை. எதை முதலில் செய்ய வேண்டுமோ அதைக் கடைசியில் செய்ததுதான் தப்பு. 6,500 ரூபாயும் நான்கு மாதமும் போன பிறகுதான் புரிந்தது. இப்போது அவனுக்கு ஐந்து வயது, வேறு இடத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறான். நீங்கள் அந்த நான்கு மாதம் சுற்றாமல் நேரே வந்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில். கீழே வரும் தொகைகள் நான் கட்டியவை அல்லது நேரில் விசாரித்தவை. உங்கள் ஊரில் தொகை மாறும், வரிசை மாறாது.

1. வகுப்பைத் தேடும் முன் காதைப் பாருங்கள்

இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் முதலில் வைக்கிறேன்.

முகாம் சரிப்படாமல் இரண்டாவதாகப் போன இடத்தில், மூன்றாவது வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க பையன் கேட்டுச் செய்யல மேடம், பார்த்துச் செய்றான்.” எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார். பின்னால் போய் நின்றுகொண்டு, மெல்லிய குரலில் “தவளை” என்றார். ஐந்து பிள்ளைகள் குதித்தார்கள். என் பையன் பக்கத்திலிருந்தவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு நொடி கழித்துக் குதித்தான். மறுபடி “முயல்” என்றார். அதே கதை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்ததில், இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. அதனால்தான் தெரியவே இல்லை. இந்த வயதில் சளி பிடித்து விட்ட பிறகு இப்படி நீர் தங்குவது சர்வசாதாரணமாம். தண்ணீருக்கடியில் முங்கியபடி வெளியே யாரோ பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் அவனுக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்கும். நான் ஐந்து மாதம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது சரியாகவே இருக்கும். ஆனால் இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் ஜிம்னாஸ்டிக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள்: டிவி சத்தத்தைக் கூட்டுவது, முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் வருவதும் முதுகுக்குப் பின்னால் பேசினால் வராததும், “ஆங்?” என்று அடிக்கடி கேட்பது, மாதா மாதம் சளி, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குவது.

பரிசோதனை இரண்டு. ஒன்று, காதுக்குள் சின்ன முனையை வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. இரண்டு நிமிடம், வலிக்காது. மற்றது கேட்கும் திறன் சோதனை. இந்த வயதுக்கு அதை விளையாட்டாகவே செய்கிறார்கள்: ஹெட்ஃபோனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். நான் தூக்க நேரத்தில் போய், அவன் கட்டையை டெக்னீஷியன் மேல் எறிந்து, இன்னொரு நாள் வரவேண்டியதாயிற்று.

தனியாரில் மருத்துவர் கட்டணம் 600, இரண்டு சோதனைக்கும் சேர்த்து 1,400 ஆனது. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டலாம். காசு செலவில்லை, காலை முழுக்கப் போகும். எங்களுக்கு மருத்துவர் சொன்னது, “மூணு மாசம் பொறுப்போம், பெரும்பாலும் தானா வத்திடும்” என்பதுதான். வற்றியும் விட்டது. வற்றாவிட்டால்தான் அடுத்த கட்டம் பற்றிப் பேசுவார்கள். அந்த மூன்று மாதமும் வகுப்பை நிறுத்தவில்லை. அவனை மாஸ்டருக்கு முன்னால் நிற்கவைத்தோம், அவ்வளவுதான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதது, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோனது, கண்ணைப் பார்க்காதது என்றெல்லாம் இருந்தால் அது வேறு விஷயம். குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனையில் “டிஇஐசி” என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் மாஸ்டர் சிகிச்சையாளர் அல்ல. அப்படிச் சொல்லிக்கொள்கிற மாஸ்டரிடம் போகாதீர்கள்.

2. எதை எதிர்பார்க்கலாம், எதைக் கூடாது

“சொன்ன பேச்சு கேட்பது” என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு அது மூன்று வேலை. காதில் வாங்க வேண்டும், செய்து முடிக்கும்வரை மனதில் வைத்திருக்க வேண்டும், அதற்குள் கை கால் தானாகச் செய்யத் துடிப்பதை நிறுத்த வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். “தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும்” என்று தலைகீழாக விளையாடவைத்து, ஒரு பிள்ளை தன்னை எவ்வளவு அடக்கிக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளப்பதே உண்டு.

ஜிம்னாஸ்டிக்ஸ் இதற்கு ஏன் பொருந்துகிறது என்றால், அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் உடம்பில் உடனே ஒரு பதில் இருக்கிறது. “ஃப்ரீஸ்” என்றால் நின்றானா இல்லையா என்பது அவனுக்கே தெரிந்துவிடும். உருண்டு, ஏறி, தொங்கி, குதித்து என நாலு இடத்தை வரிசை மாறாமல் சுற்றிவர வேண்டும். முன்னால் இருப்பவள் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று வயதில் சேர்ந்தாற்போல் இரண்டு வேலை சொன்னால் செய்வார்கள், நாலரை தாண்டினால் மூன்று. அதற்குமேல் அடுக்கினால் பெரியவர்களுக்கே மறந்துபோகும். முதல் மாதத்தில் வீட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. எனக்கு ஏழாவது வாரத்தில்தான் முதல் அறிகுறி தெரிந்தது: லிஃப்ட் கதவு திறந்ததும் ஓடாமல் நின்று என்னைப் பார்த்தான்.

3. இடத்தைப் பார்க்காதீர்கள், மாஸ்டர் பேசுவதைக் கேளுங்கள்

நான் முகாமில் ஏமாந்தது இங்கேதான். பளபளவென்று கூடம், ஏசி, சுவரெல்லாம் கார்ட்டூன். 26 பிள்ளைகளுக்கு இரண்டு மாஸ்டர்கள், கழுத்தில் விசில். விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஊதிக்கொண்டே இருக்கிற விசிலை எந்தப் பிள்ளையும் காதில் வாங்காது, பிரஷர் குக்கர் மாதிரி அது பாட்டுக்கு அடிக்கும். என் பையன் பத்து நாளும் ஃபோம் குழியில் (ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளம்) கிடந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான், அது வேறு.

பிள்ளையைக் கூட்டிப்போகாமல் முதலில் நீங்கள் மட்டும் போய் ஒரு முழு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். 45 நிமிடம். அனுமதிக்காத இடம் வேண்டவே வேண்டாம். பார்க்க வேண்டியவை:

மாஸ்டர் ஒரு கட்டளைக்கு எத்தனை வார்த்தை செலவழிக்கிறார்? நல்லவர்கள் மூன்று நான்கைத் தாண்டுவதில்லை. “கை மேல. கால் சேர்த்து. நில்லு.” சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாரா? சொன்னதையே உடனே இரண்டாம் முறை சொல்கிறவரிடம், முதல் முறை கேட்க வேண்டியதில்லை என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். செய்து காட்டுகிறாரா? பிள்ளையின் உயரத்துக்குக் குனிகிறாரா? கூச்சல் கூடும்போது அவர் குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா? எங்கள் மாஸ்டர் அமளி கூடினால் கிசுகிசுக்க ஆரம்பிப்பார். பிள்ளைகள் “என்னது, என்னது” என்று கிட்டே வந்துவிடுவார்கள்.

வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஒரு பிள்ளை உருளப் பதினொரு பிள்ளைகள் சுவரோரம் காத்திருந்தால் தள்ளுமுள்ளுதான் நடக்கும். இந்த வயதில் ஒரு பெரியவருக்கு ஆறு பிள்ளைகள், அதிகம் போனால் எட்டு.

தகுதி கேளுங்கள், தப்பில்லை. பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தவர்களை “என்ஐஎஸ் கோச்” என்பார்கள். நல்ல தகுதி. ஆனால் போட்டிக்குப் போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் கெட்டிக்காரர், மூக்கு ஒழுகும் மூன்று வயதுக்காரனிடம் திணறலாம். சின்னப் பிள்ளைகளுக்கு எத்தனை வருடமாகச் சொல்லித்தருகிறார் என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது மொழி. இது பெரிய கண்ணி, யாரும் யோசிப்பதில்லை. சென்னையில் நிறைய இடங்களில் மாஸ்டர்கள் வெளிமாநிலத்தவர்கள், ஆங்கிலமும் இந்தியும்தான். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை “கிராஸ் யுவர் லெக்ஸ்” என்றால் விழிக்கத்தான் செய்யும். “கேட்க மாட்டேங்கிறான்” என்று பெயர் வாங்கிவிடும். தமிழ் தெரிந்த ஓர் உதவியாளராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் சேரும் முன் வாரத்தில் பத்து வார்த்தையை வீட்டுப் பாயிலேயே பழக்கிவிடுங்கள்: ஸ்டாப், ஃப்ரீஸ், வெயிட், ஜம்ப், ரோல், ஹோல்ட், லைன், டக் (முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டை), பைக் (காலை நீட்டி உட்கார்வது), ஸ்ட்ராடில் (காலை அகட்டி உட்கார்வது). கடைசி மூன்றும் எந்த ஊர் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பிலும் முதல் நாளே வரும்.

அரசு இடங்கள் வேண்டுமென்றால், வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடம் இருக்கிறது. இத்தகைய இடங்கள் முதன்மையாகப் பெரிய பிள்ளைகளின் பயிற்சிக்கானவை. உங்கள் பிள்ளை வயதுக்குப் பிரிவு நடக்கிறதா என்று நேரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

4. பாதுகாப்பு: நான்கு கேள்வி

டிராம்போலினில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதானா? இரண்டு மூன்று பேர் சேர்ந்து குதிக்கும்போதுதான் அடிபடுவது அதிகம். “ஒண்ணும் ஆகாது மேடம்” என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

பீம் (மேலே ஏறி நடக்கும் ஒடுக்கமான நீளக் கட்டை) எந்த உயரம்? போட்டியில் அது 125 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். சின்னவர்களுக்குத் தரையோடு தரையாக இருக்கும் பீம் போதும், பக்கத்தில் மெத்தை விரித்திருக்க வேண்டும்.

காலை அகட்டி அழுத்துகிறார்களா? முதுகில் கைவைத்து அமுக்கி, பிள்ளை அழ அழ ஸ்பிளிட் போடவைப்பதை ஓரிடத்தில் பார்த்தேன். “அப்பதான் வளையும்” என்றார்கள். பணம் கட்டியிருந்தாலும் அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தொட்டுச் சொல்லித்தருவது எப்படி? உருளும்போதும் தொங்கும்போதும் இடுப்பையோ தொடையையோ பிடித்துத்தான் ஆக வேண்டும், அது பிடிமானம். எங்கே பிடிப்பார்கள், ஏன் என்று மாஸ்டரே உங்களுக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்காட்ட வேண்டும். பெற்றோர் வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடியோ கேமராவோ இருக்க வேண்டும். பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் கேளுங்கள். எங்கள் இடத்தில் அதற்கு ஓர் ஆயா இருக்கிறார், மாஸ்டர்கள் போவதில்லை.

5. பணம்

நான் விசாரித்த நான்கு இடங்களில் வாரம் இரண்டு வகுப்புக்கு மாதம் 2,500 முதல் 4,500 வரை சொன்னார்கள். நான் இப்போது கட்டுவது 3,000. இதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் வருபவை: சேர்க்கைக் கட்டணம் 1,000 (திரும்பி வராது), டி-ஷர்ட் 450, ஆண்டு விழா உடைக்கு 1,200. ஜிஎஸ்டி உள்ளடங்கியதா, தனியா என்று ரசீது போடும் முன் கேளுங்கள்.

மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் முறை கட்டாதீர்கள். ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள், சில நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. முகாமில் நான் முழுத் தொகையையும் முதல் நாளே கட்டிவிட்டு, மூன்றாம் நாள் நிறுத்த நினைத்தபோது, “பாலிசி மேடம்” என்று ரசீதுக்குப் பின்னால் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். பத்து நாளும் அனுப்பித் தொலைத்தேன்.

கேட்டு வாங்க வேண்டிய இரண்டு பதில்: தவறவிட்ட வகுப்புக்கு ஈடு உண்டா, எத்தனை நாளுக்குள்? இந்த வயதில் மாதம் ஒரு சளி நிச்சயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர்களே விடுமுறை விட்டால் என்ன கணக்கு? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அடுத்த மேனேஜர் வந்ததும் செல்லாது.

சேர நல்ல மாதம் எது என்றால் ஜூலை. ஏப்ரல், மே முகாம் கூட்டம் கலைந்திருக்கும், பள்ளி தொடங்கிய அழுகையும் ஓய்ந்திருக்கும். புதிதாக எல்கேஜி போகும் ஜூனிலேயே இதையும் சேர்த்துத் தலையில் கட்டாதீர்கள்.

6. என்னென்ன தாள்கள்

பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று. சென்னையில் பிறந்திருந்தால் மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில இடங்களில் ஆதார் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு நீல நிற ஆதார், கைரேகை எடுக்க மாட்டார்கள், பெற்றோரில் ஒருவர் ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் போதும், கட்டணம் இல்லை. இன்னும் எடுக்காதவர்கள் வகுப்புக்காக அவசரப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழை வைத்தே நான்கு இடத்திலும் ஒத்துக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. நீங்கள் தவிர, அவசரத்துக்கு இன்னொருவர் எண். பிள்ளையைக் கூட்டிப்போக யார் யாருக்கு அனுமதி என்று எழுதிக் கொடுங்கள், தாத்தா வருவாரானால் தாத்தா பெயரையும்.

குழந்தை மருத்துவரிடம் ஒரு தகுதிச் சீட்டு. பல இடங்களில் கேட்பதே இல்லை. கேட்காவிட்டாலும் வாங்குங்கள். வீசிங், வலிப்பு, எலும்பு முறிவு ஏதாவது இருந்தால் அதில் வரட்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையென்றால் இது கட்டாயம்: கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிமானம் தளர்வாக இருக்க வாய்ப்பு உண்டு, மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தலைகுப்புற உருளவிடக் கூடாது.

கடைசியில் ஒரு பொறுப்புத் துறப்புப் படிவம் நீட்டுவார்கள். நின்றபடி கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வாங்கிவந்து படியுங்கள். அதிலேயே எங்கோ நடுவில் “பிள்ளையின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்” என்று ஒரு வரி இருக்கும். விருப்பமில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திடலாம். நான் அடித்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

7. உடை, சாப்பாடு, நேரம்

பளபள லியோடார்டு (போட்டிக்குப் போடும் ஒட்டிய ஒரே துண்டு உடை) வேண்டாம். உடம்பை ஒட்டிய டி-ஷர்ட், லெக்கிங்ஸ் அல்லது ஷார்ட்ஸ். வெறுங்கால். கொலுசு, வளையல், சங்கிலி, தாயத்து எல்லாம் கழற்றிவிடுங்கள். அரைஞாண் கயிற்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள்; அது கம்பியில் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. “அரைஞாண் இல்லாம புள்ளைய வெளிய அனுப்பக் கூடாது” என்றார் அத்தை. வகுப்புக்குப் போகும்போது மட்டும் கழற்றி, வந்ததும் அவரே கட்டிவிடுவது என்று முடிவானது.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உருண்டால் மெத்தையில் வாந்திதான். முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் விடுங்கள். பசியோடும் போகக் கூடாது, பசித்த பிள்ளைக்கு யார் சொல்வதும் காதில் ஏறாது. அரை மணி முன்னால் பாதி வாழைப்பழம் சரியாக இருக்கும்.

பள்ளி விட்ட கையோடு வகுப்பு வேண்டாம். தூங்கி எழுந்து நான்கரை, ஐந்து மணி நல்லது. ஆறரை மணி வகுப்பில் இடம் எளிதாகக் கிடைக்கும், கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேரும் இடமாகப் பாருங்கள். வேளச்சேரி மெயின் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஸ்கூட்டரில் முன்னால் நின்று வந்த பிள்ளை, போனதும் யார் பேச்சைக் கேட்கும்?

8. முதல் நான்கு வாரம்

முதல் நாள் அழுவான், அல்லது உங்கள் காலைக் கட்டிக்கொண்டு நிற்பான். பத்து நிமிடம் உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள், அதன்பின் “தண்ணி பாட்டில் எடுத்துட்டு வர்றேன்” என்று பொய் சொல்லி நழுவாதீர்கள். “நான் கண்ணாடிக்கு வெளிய இருக்கேன், முடிஞ்சதும் வர்றேன்” என்று சொல்லிவிட்டே போங்கள்.

வெளியே உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடியைத் தட்டி, “டேய், மாஸ்டரைப் பாரு! கையை மேல தூக்கு!” என்று கத்துவது பெற்றோர் எல்லோருக்கும் உள்ள வியாதி. எனக்கும் இருந்தது. உள்ளே ஒரு குரல், வெளியே ஒரு குரல் என்றால் பிள்ளை எதைக் கேட்கும்? மாஸ்டர் ஒருநாள் வந்து, “மேடம், நீங்க ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்” என்றார். கீழே கடையில் போய் டீ குடித்தேன். அன்றைக்குத்தான் அவன் நாலு ஸ்டேஷனையும் வரிசை மாறாமல் சுற்றினானாம்.

“நல்லாக் கேட்டா சாக்லேட்” பேரமும் வேண்டாம். வகுப்பு முடிந்து என்ன கேட்பது என்று தெரியாமல் “இன்னைக்கு சமத்தா இருந்தியா?” என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு எல்லாப் பிள்ளையும் “ம்ம்” என்றுதான் சொல்லும். “மாஸ்டர் இன்னைக்கு என்ன மிருகம் சொன்னாரு?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பழக்கம் வரும். நண்டு நடை நடந்தும் காட்டுவான், வழியை விட்டு நில்லுங்கள்.

9. வீட்டில் அதே குரல்

வாரம் இரண்டு முறை 45 நிமிடம் என்பது ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் அவன் கேட்பது நம் குரலைத்தான். வகுப்பில் நான் கற்றுக்கொண்டு வந்தவை இவை.

அடுத்த அறையிலிருந்து கத்துவதை நிறுத்தினேன். கிட்டே போய், குனிந்து, தோளைத் தொட்டு, மூன்று வார்த்தை: “செருப்பு. ரெண்டு கால்.” அதன்பின் மனதுக்குள் ஐந்து எண்ணுவேன். அந்த ஐந்து எண்ணுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம். மூன்றாவது எண்ணில் வாய் தானாகத் திறக்கும். முன்பெல்லாம் அவன் நகரத் தொடங்குவதற்குள் நான் இரண்டாம் முறை சொல்லியிருப்பேன்.

“ஓடாதே” என்றால் சின்னப் பிள்ளைக்கு “ஓடு”தான் முதலில் காதில் விழுகிறது. “நட” என்று சொல்லுங்கள். மாஸ்டர் ஒருநாளும் “விழாதே” என்று சொல்லி நான் கேட்டதில்லை. “காலைப் பாரு” என்பார்.

பணம் செலவில்லாத பயிற்சி நம்மிடமே இருக்கிறது. ஸ்டாச்சூ விளையாட்டு போதும், பாட்டை நிறுத்தினால் உறைந்து நிற்க வேண்டும். “காக்கா பற, கிளி பற, எருமை பற” என்று சொல்லி, பறக்காததற்குக் கை தூக்கினால் அவுட். கல்லா மண்ணா ஆடலாம். கரண்ட் போன ராத்திரிகளில் எங்கள் வீட்டில் எருமை பறந்துகொண்டே இருக்கும். அத்தைதான் முதலில் அவுட் ஆவார்.

10. எப்போது மாற்றுவது

எட்டு வாரம் கொடுங்கள். அதற்குள் நடுவே ஒருமுறை மாஸ்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: “ஒரு தடவை சொன்னால் நிற்கிறானா? வரிசையில் காத்திருக்கிறானா?” கரணம் போடுகிறானா என்று கேட்காதீர்கள், அதற்காக நாம் போகவில்லை. பெயரைக்கூட யோசித்துச் சொல்கிற மாஸ்டரானால் பிள்ளையைக் கவனிக்கவே இல்லை என்று பொருள்.

வகுப்பு நாளன்று காலையிலேயே வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்து அது மூன்று வாரம் தொடர்ந்தால், ராத்திரி அழுதால், யாராவது ஒருவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறினால், பணத்தைப் பார்க்காமல் நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேளுங்கள். தகாதது ஏதும் நடந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

வெறுமனே பிடிக்கவில்லையென்றால் நீச்சலோ சிலம்பமோ பாருங்கள், எதிலும் மூன்றாவது படியில் சொன்னதுதான். எங்கள் பக்கத்துத் தெருப் பையனுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் ஒத்துவரவில்லை, சிலம்ப ஆசான் ஒருவரிடம் அடங்கி நிற்கிறான்.

ஐந்து வயது ஆனதும் பெரிய பிள்ளைகள் பிரிவுக்கு மாற்றச் சொல்வார்கள். மாஸ்டர் மாறுவார், வாரம் மூன்று நாள் ஆகும், கட்டணமும் ஏறும். எங்களிடம் சென்ற மாதம் கேட்டார்கள். புது மாஸ்டரின் வகுப்பில் ஒருநாள் போய் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு கட்டளைக்குப் பதினேழு வார்த்தை. இன்னும் ஆறு மாதம் பழைய பிரிவிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.